கார்ன் ஸ்னேக் குஞ்சு: அறிகுறி பார்த்துப் பெட்டியின் கோளாறைக் கண்டுபிடிக்க

கார்ன் ஸ்னேக் என்ற வளர்ப்புப் பாம்பின் சொந்த ஊர் அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதி. அதை வளர்ப்பது பற்றிக் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டு வீட்டுக்காக எழுதியவை. பெட்டியை எப்படிச் சூடேற்றுவது என்பதுதான் அவற்றின் கவலை. அதை அப்படியே எடுத்துக்கொண்டு பாளையங்கோட்டையில் அக்கினி நட்சத்திரத்தின்போது, தளத்துக்கு நேர் கீழே உள்ள மாடி அறையில் ஹீட் மேட் (பெட்டிக்கு அடியில் வைக்கும், கரண்டில் சூடாகும் தகடு) போட்டால் குஞ்சு வெந்துபோகும். திருநெல்வேலியில் பங்குனி தொடங்கி ஆடி வரை சூட்டைக் குறைப்பதுதான் வேலை. தென்காசி, குற்றாலம் பக்கமோ கதையே வேறு. சாரல் காலத்தில் அங்கே ஈரம்தான் எதிரி.

குஞ்சு தின்னவில்லை, கக்குகிறது, சட்டை துண்டு துண்டாக உரிகிறது என்றால் உடனே பாம்புக்கு மருந்து தேட வேண்டாம். முதலில் பெட்டியை அளந்து பாருங்கள்.

எதை, எங்கே அளப்பது

கண்ணாடியில் ஒட்டும் வட்ட டயல் தெர்மாமீட்டர் ஆகாது. அது காட்டுவது சுவரின் சூடு. பாம்பு கிடப்பது தரையில். கம்பி நுனியில் சென்சார் உள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டர் இரண்டு வேண்டும். ஒன்றின் சென்சார் சூடான மூலையில் ஒளிவிடத்துக்குள், தரையோடு. மற்றது குளிர்ந்த மூலையில், அதேபோல. வாங்கியதும் ஒரு சோதனை: டம்ளர் நிறைய இடித்த ஐஸ் போட்டு, இடுக்கு நிறையும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றி, இரண்டு நிமிஷம் கழித்து சென்சாரை உள்ளே விடுங்கள். 0 காட்ட வேண்டும். ஒரு டிகிரி முன்பின் இருக்கலாம். மூன்று டிகிரி தள்ளிக் காட்டினால் அதைத் தூக்கிப் போடுங்கள்.

இருக்க வேண்டிய அளவு: சூடான மூலையில் தரை 29 முதல் 31 டிகிரி, குளிர்ந்த மூலை 23 முதல் 26, ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதம். இரவில் 21 வரை இறங்கினால் கெடுதல் இல்லை.

குஞ்சு பொரிந்து வரும்போது 20 முதல் 30 செ.மீ. நீளம்தான் இருக்கும், தடிமன் ஏறக்குறைய ஒரு பென்சில். அதற்கு 35க்கு 25 செ.மீ. தரையும் 15 செ.மீ. உயரமும் உள்ள, கிளிப் மூடி போட்ட பிளாஸ்டிக் டப் போதும். பெட்டியின் நீளத்தையும் அகலத்தையும் கூட்டினால் பாம்பின் நீளத்துக்குக் குறையக் கூடாது என்பது வசதியான கணக்கு. குஞ்சு வளர வளரப் பெட்டியை மாற்றுங்கள். முழுதாக வளர்ந்ததற்கு 120க்கு 60 செ.மீ. தரை வேண்டும். பெரிய பெட்டியை இப்போதே வாங்கிவிட்டால் அதில் ஒளிவிடங்களையும் செடி, சருகையும் நெருக்கமாக நிரப்புங்கள். வெட்டவெளியில் விட்ட குஞ்சு பயந்துபோய்த் தீனியைத் தொடாது.

வாயைத் திறந்தபடி கிடக்கிறது, குளிர்ந்த பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது, தண்ணீரை விட்டு வெளியே வர மாட்டேன் என்கிறது

உடனே குளிர்ந்த மூலை எத்தனை டிகிரி என்று பாருங்கள். 32ஐத் தாண்டிவிட்டால் பாம்புக்கு ஒதுங்க இடமில்லை. 35ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. தெர்மோஸ்டாட் இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்க முடியாது. அது மேட்டை அணைக்கும், அவ்வளவுதான், அறையையே குளிர்விக்காது. அறை 36 டிகிரியில் இருந்தால் பெட்டியின் இரண்டு மூலையும் 36தான்.

முதல் வேலை, மேட்டின் பிளக்கைப் பிடுங்குவது. அடுத்து இடத்தை மாற்றுங்கள். கான்கிரீட் தளம் பகலெல்லாம் குடித்த வெயிலை நடு இரவு வரை கீழே இறக்கிக்கொண்டே இருக்கும். ஆகவே அலமாரியின் மேல்தட்டு வேண்டாம். கீழ்வீட்டில், மேற்குச் சுவரை ஒட்டாமல், தரைக்கு ஓரடி உயரத்தில் வையுங்கள். அதே அறையில் பரண் உயரத்திலும் தரையிலும் ஒருமுறை அளந்து பார்த்தால் ஏன் என்று புரியும்.

அதற்கும் அடங்காவிட்டால் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டை ஃப்ரீசரில் உறைய வையுங்கள். ஒன்றைத் துண்டில் சுற்றிப் பெட்டிக்கு வெளியே, குளிர்ந்த பக்கச் சுவரோடு சாய்த்து வையுங்கள். உருகியதும் மற்றதை மாற்றுங்கள். பெட்டிக்கு உள்ளே வைக்காதீர்கள். வியர்த்து வழிகிற தண்ணீரில் விரிப்பு ஊறிவிடும், ஐஸை ஒட்டிச் சுருண்டால் குஞ்சு விறைத்துப்போகும். மண் ஒளிவிடமும் நன்றாக வேலை செய்யும். காருகுறிச்சிச் சட்டியில் சின்னதாக ஒன்று வாங்கி, விளிம்பில் இரண்டு விரல் அகலத்துக்கு உடைத்து, உடைந்த ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்துக் கவிழ்த்து வையுங்கள். வெளிப்பக்கம் மட்டும் தண்ணீர் தெளித்தால், வறண்ட மேல்காற்று அடிக்கிற நாட்களில் உள்ளே சட்டென்று குளிர்ந்துவிடும். ஐப்பசி மழையில் இந்த வித்தை பலிக்காது. காற்றே ஈரமாக இருக்கும்போது சட்டி எதை ஆவியாக்கும்?

சூடு சரியாக இருந்தும் தண்ணீருக்குள்ளேயே கிடந்தால் காரணம் இரண்டில் ஒன்று. சட்டை உரிக்கப் போகிறது, அல்லது உண்ணி பிடித்திருக்கிறது. இரண்டுக்கும் கீழே வழி இருக்கிறது.

மேட் ஓடுகிறது, ஆனால் மேலே சூடு இல்லை, வயிற்றில் சிவப்பு

விரிப்பைக் கனமாகப் போட்டுவிட்டீர்கள். தென்னை நார்த்தூளை 6 செ.மீ. கொட்டினால் அது போர்வை மாதிரி சூட்டைக் கீழேயே அடைத்துவிடும். மேலே 26 காட்டும். குஞ்சு அடியில் புகுந்து பிளாஸ்டிக் தரையைத் தொடும்போது அங்கே 40 இருக்கும். சூடான பக்கத்தில் விரிப்பு 2 செ.மீ.க்கு மேல் வேண்டாம். தெர்மோஸ்டாட்டின் சென்சாரை விரிப்பின் மேல் போடாதீர்கள். குஞ்சு இழுத்துப் போட்டுவிடும் அல்லது தண்ணீர் கொட்டி நனைந்துவிடும். குளிர்ச்சியைக் கண்டதும் தெர்மோஸ்டாட் மேட்டை நிறுத்தாமல் ஓட்டும். டப்பின் அடிக்கும் மேட்டுக்கும் நடுவில் சென்சாரை டேப் போட்டு நிறுத்துங்கள். உள்ளே தரையில் 30 வரும் வரை தெர்மோஸ்டாட்டை ஒவ்வொரு டிகிரியாக ஏற்றி, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம் விட்டுப் பாருங்கள். மேட் தரையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பரவக் கூடாது. தெர்மோஸ்டாட் இல்லாமல் மேட் ஓட்டவே வேண்டாம்.

திருநெல்வேலி நகரத்தில் கார்த்திகை, மார்கழி, தை இரவுகளுக்குத்தான் மேட் தேவைப்படும்.

தின்றதைக் கக்கிவிட்டது

இதில் அவசரப்பட்டால் குஞ்சை இழந்துவிடுவோம். பெரும்பாலும் நான்கு காரணங்கள்: பெட்டி குளிர்ந்துவிட்டது, தின்ற 48 மணி நேரத்துக்குள் கையில் எடுத்தார்கள், இரை பெரிது, இரை கெட்டது. குளிர்ந்த பாம்புக்குச் செரிக்காது. உள்ளேயே அழுகத் தொடங்கியதும் வெளியே தள்ளிவிடும். மழைக்காலத்தில் இரவு கரண்ட் போய், மறுநாளும் வராமல், அதற்கு முந்தைய சாயங்காலம் தீனி போட்டிருந்தால் விஷயம் இதுதான்.

கெட்ட இரை நம் ஊரில் சாதாரணமாக நடப்பது. உறைய வைத்த பிங்கி (மயிர் முளைக்காத எலிக்குஞ்சு) வெளியூரிலிருந்து பஸ் பார்சலில் வரும்போது வழியிலேயே உருகிவிடுகிறது. வாங்கியவர் அதை மறுபடி ஃப்ரீசரில் போடுகிறார். வந்ததும் பொட்டலத்தைப் பிரித்துப் பாருங்கள். பிங்கிகள் ஒன்றோடொன்று தட்டையாக ஒட்டிக்கொண்டு, வயிறு பச்சை பூத்து, அடியில் இளஞ்சிவப்பு நீர் உறைந்திருந்தால் ஏற்கெனவே உருகியவை. திருப்பி அனுப்புங்கள்.

கக்கிய பிறகு:

1. விரிப்பு முழுவதையும் மாற்றிப் பெட்டியைக் கழுவுங்கள். குடிக்கப் புதுத் தண்ணீர்.
2. 10 முதல் 14 நாள் வரை தீனியே கிடையாது. பாவமாகத்தான் இருக்கும், ஆனால் கக்கும்போது வயிற்று அமிலமும் நல்ல நுண்ணுயிரும் வெளியே போய்விடுகின்றன, அவை திரும்ப நாள் ஆகும்.
3. இந்த நாட்களில் கையில் எடுக்க வேண்டாம்.
4. முதல் தீனி வழக்கத்தில் பாதி அளவு. பாதிப் பிங்கி கொடுத்தாலும் போதும்.
5. அது தங்கினால் 7 நாள் கழித்து மறுபடி அதே அளவு. மூன்றாவது முறைதான் வழக்கமான அளவு.

இரண்டாவது முறையும் கக்கினால் வீட்டு வைத்தியம் வேண்டாம், மருத்துவரிடம் போங்கள்.

இரையின் தடிமன் குஞ்சின் உடலில் மிகத் தடித்த இடத்துக்குச் சமமாகவோ, அதிகம் போனால் ஒன்றரை மடங்காகவோ இருக்கலாம். 5 முதல் 7 நாளுக்கு ஒரு பிங்கி. முந்தின இரவே ஃப்ரீசரிலிருந்து எடுத்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். கொடுக்கும் முன் பிளாஸ்டிக் உறையோடு 40 டிகிரி வெந்நீரில் பத்து நிமிஷம். மைக்ரோவேவில் வைத்தால் உள்ளே வெந்து வெடிக்கும்.

தின்னவே இல்லை

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆகவில்லையா? விட்டுவிடுங்கள். கண் நீலம் பாய்ந்திருக்கிறதா? சட்டை உரித்த பிறகு பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் சூட்டை அளந்து, ஒளிவிடம் உடம்பை ஒட்டிக் கவ்வுகிற அளவில் இருக்கிறதா என்று பாருங்கள். பெரிய ஒளிவிடத்தைக் குஞ்சு ஒளிவிடமாகவே மதிக்காது. பனை ஓலைக் கொட்டான் சின்னது ஒன்றைக் கவிழ்த்து வைத்தால் போதும். இருட்டு, காற்றோட்டம், கனமில்லை. ஒரே குறை, உண்ணி வந்தால் பின்னலுக்குள் புகுந்துகொள்ளும். அப்போது கொட்டானை எரித்துவிட வேண்டியதுதான்.

சாயங்காலம் இருட்டிய பிறகு கொடுங்கள். தொடவில்லையென்றால் ஓட்டல் சாம்பார் வருகிற 250 மி.லி. பிளாஸ்டிக் டப்பாவை நன்கு கழுவி, மூடியில் துளை போட்டு, அதற்குள் குஞ்சையும் பிங்கியையும் விட்டு, பெட்டிக்குள்ளேயே இரவு முழுவதும் வைத்து விடுங்கள். மேட்டுக்கு நேர் மேலே வேண்டாம். அடைசலான இருட்டில் பல குஞ்சுகள் தின்றுவிடும்.

வீட்டில் பிடித்த எலிக்குஞ்சைப் போடாதீர்கள். பக்கத்து வீட்டில் எலி மருந்து வைத்திருக்கலாம். சுவர்ப் பல்லியும் வேண்டாம், ஒட்டுண்ணி வரும். நகைக்கடைக்காரர் வைத்திருப்பது போன்ற 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசில் வாரம் ஒருமுறை எடை போடுங்கள். எடை பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டால், அல்லது தொடர்ந்து நான்கைந்து வேளை மறுத்தால் மருத்துவர்.

இரண்டு குஞ்சு ஒரே பெட்டியில் இருந்தால் இன்றே பிரியுங்கள். ஒன்றை ஒன்று விழுங்கும்.

பெட்டி காலி

பேனா ரீஃபில் நுழைகிற துளை சரி. பென்சில் நுழைகிற இடைவெளி எங்கிருந்தாலும் அது வாசல். காற்றுத் துளை 3 மி.மீ. போதும். சால்டரிங் அயர்னால் உள்ளிருந்து வெளியே குத்துங்கள், அப்போதுதான் கூரான பிசிறு வெளிப்பக்கம் நிற்கும். நீளவாட்டுச் சுவர் இரண்டிலும் பக்கத்துக்குப் பதினைந்து துளை. மூடியின் நடுப்பகுதிதான் வழக்கமாகத் தூக்கிக்கொள்ளும். நான்கு கிளிப்பும் போட்ட பிறகு நடுவில் விரலால் நெம்பிப் பாருங்கள். நெகிழ்ந்தால் பெல்ட்டோ, சைக்கிள் கேரியர் ரப்பரோ சுற்றுங்கள்.

தப்பிவிட்டால் முதலில் கதவடியில் துணியைத் திணியுங்கள். பெட்டியைச் சுற்றியுள்ள நாலு மீட்டரில், சுவரோரமாக, ஃப்ரிட்ஜ் பின்புறம், இன்வெர்ட்டர் அடி, செருப்பு ஸ்டாண்ட், சுருட்டி வைத்த பாய் எல்லாம் பாருங்கள். கிடைக்காவிட்டால் இரவில் சுவரோரம் கோலப்பொடியை மெல்லியதாகத் தூவி வையுங்கள். காலையில் வளைந்த தடம் எந்த அறைக்குப் போகிறது என்று காட்டும். கல்மாவுப் பொடியாக இருக்கட்டும். அரிசி மாவு என்றால் எறும்பு மொய்த்துத் தடத்தைத் தின்றுவிடும்.

இங்கே ஒரு கண்டிப்பு. இருட்டில் சுவரோரம் நெளிகிற மெல்லிய பாம்பு உங்களுடையதாகத்தான் இருக்கும் என்று கையை நீட்டாதீர்கள். வீட்டுச் சுவரில் ஏறுகிற வெள்ளிக்கோல் வரையன் விஷமில்லாதது. அதே அளவில் வருகிற கட்டுவிரியன் குஞ்சு அப்படியல்ல. வள்ளியூர், ராதாபுரம் பக்கம் சுருட்டை விரியனும் உண்டு. டார்ச் அடித்து, சிவப்பும் ஆரஞ்சுமான திட்டுகளும் வயிற்றில் கறுப்பு வெள்ளைக் கட்டமும் தெரிந்த பிறகே தொடுங்கள். வெளுத்த நிற வகையை வளர்த்தால் அதன் போட்டோவை வீட்டிலுள்ள எல்லோருக்கும் முன்கூட்டியே காட்டி வையுங்கள். பக்கத்து வீட்டுக்கும் சொல்லுங்கள், இல்லையென்றால் "எல, கம்பை எடு" என்ற சத்தத்தோடு விஷயம் முடிந்துவிடும்.

கார்ன் ஸ்னேக் கிடைக்கவில்லை என்று வயலில் பிடித்த சாரைக் குஞ்சை அதே பெட்டியில் வைப்பது குற்றம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்குப் பொருந்தும். கார்ன் ஸ்னேக் வாங்கிய பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

சட்டை துண்டு துண்டாக உரிகிறது

குஞ்சு ஏறக்குறைய மாதம் ஒருமுறை உரிக்கும். நிறம் மங்கும், கண் பால் கலந்த நீலமாகும், சில நாளில் தெளியும், அதற்குப் பின் மூன்று நான்கு நாளில் சட்டை கழலும். காலுறையைக் கழற்றியது போல உட்புறம் வெளியாக, ஒரே நீளமாக வர வேண்டும். வந்த சட்டையை வெளிச்சத்தில் பிடித்துத் தலைப்பக்கம் பாருங்கள்: கண் இருந்த இடத்தில் கைக்கடிகாரக் கண்ணாடி போல உப்பிய வட்டத் தகடு இரண்டு இருக்கும். இரண்டும் இருந்தால் சரி. ஒன்றின் இடத்தில் ஓட்டை இருந்தால் அந்தத் தகடு பாம்பின் கண்ணிலேயே தங்கிவிட்டது. நகத்தாலோ சாமணத்தாலோ எடுக்கப் போகாதீர்கள், கண் போய்விடும். அடுத்த உரிப்பு வரை ஈரப்பதத்தைக் கூட்டுங்கள். அப்போதும் வராவிட்டால் மருத்துவர். வால் நுனியையும் பாருங்கள். அங்கே வளையமாகத் தங்கிய பழைய தோல் காயக் காய இறுகி, ரத்தத்தை நிறுத்தி, நுனியைக் கறுத்து உதிரவிடும்.

தங்கிய தோலுக்கு: மூடியுள்ள டப்பாவில் 30 டிகிரி தண்ணீர் 1 செ.மீ. உயரத்துக்கு, இருபது நிமிஷம், பக்கத்திலேயே இருங்கள். பிறகு நனைத்த துண்டைக் கையில் தளர்வாகப் பிடித்து அதன் ஊடே குஞ்சைத் தானாக நழுவ விடுங்கள். உராய்வு வேலையை முடிக்கும்.

மறுபடி வராமல் இருக்க ஈர ஒளிவிடம் வையுங்கள். அரை லிட்டர் ஐஸ்கிரீம் டப்பாவின் பக்கத்தில் 3 செ.மீ. வட்ட வாசல், உள்ளே நனைத்துப் பிழிந்த நார்த்தூள். கையில் அள்ளி இறுக்கினால் உருண்டை நிற்க வேண்டும், சொட்டு விழக் கூடாது. நார்த்தூளில் உப்பு இருக்கும்; முதலில் மூன்று தண்ணீரில் அலசிக் காயவைத்து எடுங்கள். கண் நீலம் பாயும்போது வைத்து, உரித்ததும் எடுத்துவிடலாம்.

வயிற்றுச் செதிலில் கொப்புளம், மூக்கில் குமிழி

இவை ஈரம் மிஞ்சியதன் அறிகுறிகள். நார்த்தூளை எடுத்துவிட்டுச் செய்தித்தாள் விரியுங்கள், தினமும் மாற்றுங்கள். தண்ணீர்க் கிண்ணத்தைச் சிறியதாக்கிக் குளிர்ந்த பக்கம் தள்ளுங்கள், துளையைக் கூட்டுங்கள். மூச்சு விடும்போது விசில் சத்தமோ, வாயில் கோழையோ இருந்தால் அது நுரையீரல் தொற்று. பெட்டியைச் சரிசெய்வதோடு தீராது, மருந்து வேண்டும்.

கறுப்புப் புள்ளிகள் ஊர்கின்றன

வெள்ளை டிஷ்யூவை நனைத்துப் பாம்பை அதன் ஊடே விட்டால் கசகசா அளவில் புள்ளிகள் ஒட்டும். தண்ணீர்க் கிண்ணத்தின் அடியிலும் மூழ்கிக் கிடக்கும். தாடைக்கு அடியிலும் கண் ஓரத்திலும்தான் கூட்டம். உண்ணி முட்டையிடுவது பாம்பின் மேல் அல்ல, பெட்டி இடுக்கில். அதனால் விரிப்பு, ஓலை, மரத்துண்டு எல்லாம் வெளியே. ஆறு வாரம் வெறும் டிஷ்யூ விரிப்பு, மூன்று நாளுக்கு ஒருமுறை வெந்நீரும் பாத்திர சோப்பும் போட்டுப் பெட்டியைக் கழுவுங்கள். மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டினைக் கணக்கில்லாமல் தடவினால் உண்ணிக்கு முன் பாம்பு சாகும்.

எறும்பு வேறு. தின்னாமல் விட்ட பிங்கிக்கு வந்து குஞ்சையும் கடித்துக் கொன்றுவிடும். மேஜைக்கால் நான்கையும் தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களில் நிறுத்துங்கள்; ஒரு சொட்டு சோப்பு, நாலு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்று, இல்லையென்றால் கொசு. எறும்புச் சாக்பீஸைப் பெட்டி அருகே கொண்டுவர வேண்டாம். கொசு லிக்விட், அந்துருண்டை, சாம்பிராணிப் புகை எதுவும் அந்த அறையில் வேண்டாம். எல்லாவற்றையும்விட மோசம் பினாயில். வாடை அடிக்கிறதென்று ஆச்சி நல்லெண்ணத்தில் பெட்டியைப் பினாயில் போட்டுத் துடைத்துவிட்டால் பாம்பு பிழைக்காது. முதலிலேயே சொல்லி வையுங்கள்.

கரண்ட் போய்விட்டது

2023 டிசம்பர் 17, 18 வெள்ளம் போல நாள்கணக்கில் போனாலும் பயப்பட வேண்டாம். அப்போது அறை 24 டிகிரி இருந்தால் மேட் இல்லாமலே குஞ்சு தாங்கும். தீனியை மட்டும் நிறுத்துங்கள்; கரண்ட் வந்து, சூடு ஒரு நாள் முழுக்க நிலைத்த பிறகு கொடுங்கள். தாழ்வான தெருவில் இருந்தால் குஞ்சை முடிச்சிட்ட தலையணை உறையில் போட்டு, அதைத் துளையுள்ள டப்பாவில் வைத்து மாடிக்கு ஏற்றுங்கள். ஃப்ரீசரில் உருகிய பிங்கிகளைப் புதைத்துவிடுங்கள்.

மருத்துவரிடம் போவதானாலும் அதே உறை, அதே டப்பா. ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஊர்வன பார்க்கும் மருத்துவர் அன்று இருக்கிறாரா என்று போனில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். கடைசியாகத் தின்ற தேதி, எடை, இரண்டு மூலையின் டிகிரி, ஈரப்பதம் நான்கையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். புது எச்சம் இருந்தால் சிறு டப்பாவில் அடைத்து எடுத்துச் செல்லுங்கள். பைக் டேங்க் மேல் வைத்துப் போகாதீர்கள், வெயில் நேரத்தில் அது அடுப்பு.